படைத் தொடர்பாளர்களுக்குப் பொய்ச்செய்தியை எதிர்கொள்ளக் கற்றுத்தருவது எப்படி: நீலகிரிக்கான முழுமையான வழிகாட்டி

படைப்பிரிவின் சார்பில் மக்களிடமும் பத்திரிகையாளர்களிடமும் பேசப்போகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பவர்கள் பயன்படுத்துவதற்காக எழுதியது இது. குன்னூர், வெலிங்டன் வட்டாரத்தில் ஐந்து நாளில் முடிக்கும்படி அமைத்திருக்கிறேன். வேறு ஊரில் நடத்தினால் ஊர்ப்பெயர்களையும் ஆபத்துகளையும் மாற்றிக்கொள்ளுங்கள். படிகளின் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லாருமே மறுப்பு எழுதத்தான் துடிக்கிறார்கள். போலி வீடியோவைக் கண்டுபிடித்து, சிவப்பு முத்திரை குத்தி வெளியிடுவதுதான் தங்கள் வேலை என்று எண்ணி வருகிறார்கள். ஆனால் வதந்தி வேர் பிடிப்பது நாம் வாய் திறக்காத முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில். அதனால் இங்கே முதல் அறிக்கை முன்னால் வருகிறது, மறுப்பு பின்னால் வருகிறது.

1. வகுப்பு தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் தேவைப்படுவது ஒரு காகிதம். யார் பேசலாம், யாருடைய ஒப்புதலுக்குப் பிறகு பேசலாம், அவர் கிடைக்காவிட்டால் அடுத்தவர் யார் என்பதை அந்தப் பிரிவின் தலைமை அதிகாரி கையெழுத்திட்டுத் தர வேண்டும். இது இல்லாமல் வகுப்பைத் தொடங்கினால், நெருக்கடியில் எவ்வளவு நல்ல அறிக்கை எழுதினாலும் ஒப்புதலுக்காகக் காத்தே கிடக்கும்.

இரண்டாவது, மாவட்ட வரைபடம், அச்சிட்டது. உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று ஆறு வட்டங்களும் சாலைகளும் அணைகளும் அதில் தெரிய வேண்டும். மழை நாளில் இங்கே சிக்னல் போய்விடும். திரையை மட்டும் நம்பிப் பழகியவர் அப்போது திணறுவார்.

மூன்றாவது, பயிற்சிக்கென்றே தனியாக வைத்த போன்களும், வெளியே யாரும் இல்லாத ஒரு வாட்ஸ்அப் குழுவும். பயிற்சிக்காக நாம் உருவாக்கும் பொய் எக்காரணம் கொண்டும் வெளியே கசியக்கூடாது. ஒவ்வொரு போலிப் படத்திலும் குரல் பதிவிலும் ‘பயிற்சி’ என்ற சொல் அழிக்க முடியாதபடி இருக்கட்டும். படத்தின் ஓரத்தில் போட்டால் வெட்டிவிடலாம், நடுவில் போடுங்கள்.

ஒரு வகுப்புக்குப் பதினாறு பேர் போதும், ஒரு மேசைக்கு நால்வர். அதிகாரி, ஜேசிஓ (அதிகாரிக்கும் ஹவில்தாருக்கும் இடைப்பட்ட நிலையில் இருப்பவர்), ஹவில்தார் எல்லாரையும் கலந்து உட்காரவையுங்கள். லைன் வீட்டிலும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பஸ் ஸ்டாண்டிலும் ஜனங்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது ஹவில்தாருக்குத்தான் முதலில் தெரியும்.

2. எதைப் பேசக்கூடாது என்பதை முதல் நாளே முடித்துவிடுங்கள்

எல்லை தெரியாதவர் இரண்டு விதமாகத் தவறுவார். பயந்துபோய் ஒன்றுமே சொல்லமாட்டார், அல்லது ஆர்வத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். எல்லை தெளிவானால் மிச்சமுள்ள இடத்தில் தாராளமாகப் பேசலாம் என்ற தைரியம் வரும்.

1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தை விளக்குங்கள். அடுத்து, 2021-இல் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகளில் வரும் 6(1)(p) என்ற உட்பிரிவு. தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கை நடக்கும்போது நேரலை கூடாது, நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது தரும் விளக்கம் மட்டுமே போகலாம் என்கிறது அது. 2025 ஏப்ரலில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஊடகங்களுக்கு இதை நினைவூட்டியபோது கார்கில், மும்பைத் தாக்குதல், காந்தஹார் விமானக் கடத்தல் ஆகியவற்றைச் சுட்டிக்காட்டியது. ‘குறித்த நேரங்களில் விளக்கம் தருபவர்’ என்ற இடத்தைச் சட்டமே நமக்குக் கொடுத்திருக்கிறது. அந்த இடத்தை நாம் காலியாக விடக்கூடாது.

பிறகு கரும்பலகையில் நான்கு தடைகளை எழுதுங்கள்: குடும்பத்துக்குச் சொல்லாமல் இறந்தவர் பெயரைச் சொல்வது, படை நகரும் வழியும் நேரமும், விசாரணையின் முடிவை ஊகிப்பது, அடுத்த துறைக்குச் சொந்தமான தகவலைச் சொல்வது.

நான்காவதில்தான் புதியவர்கள் அதிகம் இடறுகிறார்கள். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அணை திறப்பை மின்வாரியமும் மாவட்ட நிர்வாகமும் சொல்ல வேண்டும். இறந்தோர் எண்ணிக்கையை ஆட்சியர் அலுவலகம் சொல்ல வேண்டும். நம் வீரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் நாம் சொல்ல வேண்டும். இரண்டு அலுவலகங்கள் இரண்டு எண்ணிக்கை சொன்னால் மூன்றாவதாக ஒரு வதந்தி பிறக்கும்.

படங்களுக்கும் இதே கட்டுப்பாடு. உடற்பயிற்சிக்காக ஓடிய பாதைகளை உலக வரைபடத்தில் வெளியிட்ட ஸ்ட்ராவா செயலி, பல நாடுகளின் ராணுவத் தளங்கள் இருக்கும் இடத்தை வெளிச்சம் போட்டுக் காட்டியது 2018 ஜனவரியில் தெரியவந்தது. அதில் யாரும் பொய் சொல்லவில்லை. மெய்யான தகவலும் ஆபத்தாகலாம் என்பதற்கு அந்த ஒரு எடுத்துக்காட்டே போதும்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று உண்டு. நம் மக்களிடம் நாம் பொய் சொல்வதில்லை. ‘சொல்ல முடியாது’ என்று சொல்லலாம், ‘தெரியவில்லை’ என்று சொல்லலாம். பொய்யை மட்டும் சொல்லக்கூடாது. ஒரு தடவை பிடிபட்டால் அதன்பின் நாம் எழுதும் எந்த மறுப்பையும் யாரும் நம்பமாட்டார்கள்.

3. நோக்கத்தை ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள்

யார், என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறோம்? இதை எழுதாமல் எதையும் வெளியிடக்கூடாது. ‘ராணுவத்தின் பெருமையை உயர்த்துவது’ என்று எழுதிக்கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். ‘சரிவுக்குக் கீழே உள்ள லைன் வீட்டுக்காரர்கள் இன்று மாலைக்குள் பள்ளிக்கூட முகாமுக்குப் போக வேண்டும்’ என்பது நோக்கம். களத்தில் நடப்பதும் இந்த வரியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். லாரி போகாத ஊரைப் பற்றி ‘உதவி வந்துகொண்டிருக்கிறது’ என்று எழுதினால் அந்த ஊரே நமக்கு எதிர்சாட்சி.

4. மலையில் யார் எதைக் கேட்கிறார்கள்

‘பொதுமக்கள்’ என்ற சொல்லை வகுப்பில் தடைசெய்துவிடுங்கள். அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டால் யாருக்காக எழுதுகிறோம் என்பது மறந்துபோகும்.

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துப் படுகர் ஹட்டிகளில் (படுகர்களின் ஊர்கள்) ஊர்த்தலைவர் சொன்னால் கேட்பார்கள். கூடலூர், பந்தலூரில் மலையாளம் பேசுவோர் நிறைய. அங்கேயே இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் தோட்டக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். எஸ்டேட்டுகளில் ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு இந்தியில் சொன்னால்தான் புரியும். சுற்றுலாப் பயணிகளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: எந்தச் சாலை திறந்திருக்கிறது?

மொழியைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023 மார்ச் சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வீடியோக்கள் பரவின. அவற்றில் ஒன்று தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று காவல்துறை விளக்கியது. பயந்தவர்கள் இந்தி பேசுகிறவர்கள், அவர்களுடைய குடும்பங்களோ பீகாரில். தமிழில் மட்டும் மறுப்பு வந்திருந்தால் அவர்களைத் தொட்டே இருக்காது. அரசும் காவல்துறையும் இந்தியிலும் பேசியதால்தான் விளக்கம் சேர வேண்டியவர்களிடம் சேர்ந்தது.

ஒவ்வொரு மேசையும் ஒரு வட்டத்தை எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகளுக்கு விடை எழுதட்டும். எந்த மொழி? எதன் வழியாக? அவர்கள் நம்பும் ஆள் யார்? உதகை வானொலி, பச்சைத்தேயிலை எடை போடும் இடம், ஆட்டோ ஸ்டாண்ட், மகளிர் குழு, ஓய்வுபெற்ற படைவீரர் என்று விடைகள் வரும். மலையில் முன்னாள் ராணுவத்தினர் இல்லாத ஊரைக் காண்பது அரிது. அவர்களுடைய எண்களை இப்போதே திரட்டிவையுங்கள், வெள்ளம் வந்த பிறகு தேட நேரம் இருக்காது.

5. முதல் அறிக்கை: முப்பது நிமிடத்தில்

சரிபார்ப்புக் கலையை முதலில் கற்ற மாணவர் நெருக்கடி வந்ததும் வீடியோக்களைத் தோண்ட உட்கார்ந்துவிடுகிறார். அந்த நேரம் முழுக்க நம் பிரிவு ஊமையாக இருக்கும். ஆகவே முதல் அறிக்கைதான் முதல் கைப்பழக்கமாக வேண்டும்.

அறிக்கையில் ஐந்து விஷயங்கள் இருந்தால் போதும். என்ன நடந்தது, நாம் என்ன செய்கிறோம், இன்னும் எது உறுதியாகவில்லை, மக்கள் என்ன செய்ய வேண்டும், அடுத்து எப்போது பேசுவோம். வகுப்பில் நான் கொடுக்கும் மாதிரி இது:

“இன்று காலை 6.40-க்கு மாவட்ட நிர்வாகம் உதவி கேட்டது. மீட்புக் குழு ஒன்று புறப்பட்டுவிட்டது. எத்தனை பேர் சிக்கியுள்ளனர் என்பது இன்னும் உறுதியாகவில்லை, அதை ஆட்சியர் அலுவலகம் அறிவிக்கும். உதவிக்கு 1077-ஐ அழையுங்கள். எங்கள் அடுத்த அறிவிப்பு காலை 9 மணிக்கு.”

இதை எழுத வைக்கும்போது யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “சார், விவரம் முழுசா வரட்டுமே, அப்புறம் சொல்லலாமே?” அவரிடம், “சாப், விவரம் முழுசா வர்றதுக்குள்ள ஊரு ஒரு கதையை முடிவு பண்ணிடும். தெரிஞ்ச மட்டும் சொல்லுங்க, தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க” என்று சொல்லி, கடிகாரத்தை மேசைமேல் வையுங்கள்.

பலர் விட்டுவிடுவது கடைசி வரி. ‘அடுத்த அறிவிப்பு 9 மணிக்கு’ என்று சொன்னால் பத்திரிகையாளர் அதுவரை காத்திருக்க ஒரு காரணம் கிடைக்கிறது. 9 மணிக்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் 9 மணிக்குப் பேசியே ஆக வேண்டும். ‘நிலைமையில் மாற்றம் இல்லை’ என்பதும் தகவல்தான்.

இந்த மண்ணிலேயே நடந்த துயரத்தை இங்கே பாடமாக எடுக்கலாம், மரியாதையோடு. 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் சென்ற எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் சூலூரிலிருந்து 11.48-க்குக் கிளம்பியது. வெலிங்டனில் 12.15-க்கு இறங்கியிருக்க வேண்டும். 12.08 அளவில் தொடர்பு அறுந்தது. விமானப்படையின் முதல் அறிவிப்பு பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன் வந்தது. எந்த வகை ஹெலிகாப்டர், அதில் யார் இருந்தார், குன்னூர் அருகே விபத்து, விசாரணைக்கு உத்தரவு என்று நான்கே செய்திகள். அவர் மறைந்ததை மாலை ஆறு மணியளவில் உறுதிப்படுத்தினார்கள்.

இதை வைத்து நேரக்கோடு வரையச் சொல்லுங்கள். எது உடனே சொல்லக்கூடியது, எது காத்திருக்க வேண்டியது என்று மேசைகள் பிரிக்கட்டும். உயிரிழப்பை உறுதிப்படுத்தாமல் காத்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இடைப்பட்ட நேரத்தில் என்னென்ன பரவின என்பதை அடுத்த பாடத்துக்கு எடுத்துவையுங்கள். இரண்டு நாள் கழித்து, முப்படை விசாரணை நடக்கிறது, மறைந்தவர்களின் கண்ணியத்தை மதித்து ஆதாரமற்ற ஊகங்களைத் தவிர்க்கவும் என்று விமானப்படை கேட்டுக்கொண்டது. விசாரணையின் முடிவைத் தொடாமல் ஊகத்தை எப்படி அடக்குவது என்பதற்கு அது நல்ல மாதிரி.

6. எதற்குப் பதில் சொல்வது என்று பிரித்தல்

பொய்யென்று தெரியாமல் பகிர்வது ஒன்று, தெரிந்தே பரப்புவது ஒன்று, மெய்யான தகவலைக் கெடுதலுக்காக வெளியிடுவது ஒன்று. முதலாவதைச் செய்பவர் பெரும்பாலும் பயந்துபோன ஒரு தாய் அல்லது கடைக்காரர். அவரிடம் வழக்கு, கைது என்று மிரட்டும் மொழியில் பேசினால் அடுத்த முறை அவர் நம்மிடம் எதையும் காட்டமாட்டார்.

யாரும் பார்க்காத பொய்க்கு நாமே விளம்பரம் கொடுக்கக்கூடாது. நாலு பேர் மட்டும் உள்ள குழுவில் கிடப்பதைக் குறித்துக்கொண்டு கவனித்தால் போதும். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் அளவு பார்க்காமல் உடனே பேச வேண்டும். ‘அப்பர் பவானி அணை உடையப்போகிறது, குந்தாக்காரர்கள் ஓடுங்கள்’ என்று ஒரு குரல் பதிவு வந்தால், அதை முதலில் ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பதில் அவர்களுடையது, நாம் அதைப் பரப்பத் துணை நிற்கலாம்.

நமக்குச் சாதகமான பொய்யைச் சோதிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்த நாட்களில், பாகிஸ்தான் ராணுவச் செய்தித் தொடர்பாளர் இரண்டு ஜேஎஃப்-17 விமானங்களை இழந்ததாக ஒப்புக்கொள்வதுபோல் ஒரு டீப்ஃபேக் வீடியோ (செயற்கை நுண்ணறிவால் முகமும் குரலும் மாற்றிய போலி) இந்தியாவில் பரவியது. அர்மா 3 என்ற வீடியோ கேம் காட்சிகளும் போர்க் காட்சிகளாக வலம் வந்தன. இதை வகுப்பில் காட்டி, ‘இதை நீங்கள் பகிர்வீர்களா?’ என்று கேளுங்கள். பதிலுக்கு முன் வரும் தயக்கத்தை அவர்களே உணரட்டும்.

7. சரிபார்த்தல்

முதல் விதி, அசலைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் எடுத்த இடம், நேரம் போன்ற உள்விவரங்கள் நீங்கிவிடும். எடுத்தவரைக் கண்டுபிடித்து, கோப்பாக அனுப்பச் சொல்ல வேண்டும். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று பொருள். அனுப்பியவரிடம் ‘யார் செய்தது?’ என்று கேட்டுப் பயனில்லை. ‘எந்தக் குழுவில், எத்தனை மணிக்கு வந்தது?’ என்று கேட்டுப் பின்னோக்கிப் போகச் சொல்லுங்கள்.

இரண்டாவது, காட்சிகளைப் பிடித்துத் தேடுதல். வீடியோவிலிருந்து நாலைந்து நிலைப்படங்களை எடுத்து கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ், டின்ஐ மூன்றிலும் தேட வேண்டும். ஒன்றில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைக்கும். இடம் வலமாகப் புரட்டியும் தேடச் சொல்லுங்கள். 2021 விபத்தின்போது சிரியாவில் 2020-இல் வீழ்ந்த ஹெலிகாப்டரின் வீடியோ குன்னூர் என்று பரவியது. அதே நேரத்தில், ரயில் பாதையில் நின்ற பயணிகள் எடுத்த, ஹெலிகாப்டர் மேகமூட்டத்துக்குள் மறையும் வீடியோவும் பரவியது. அது மெய். இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள். எல்லாமே போலி என்று முடிவுகட்டுவதும் பிழைதான் என்று அப்போது புரியும்.

மூன்றாவது, மலையைப் படித்தல். வெளியூர்ச் சரிபார்ப்பாளருக்குத் தெரியாதது நமக்குத் தெரியும் என்பதால் இதற்கு ஒரு முழு நாளைக் கொடுக்கிறேன்.

தண்டவாளத்தின் நடுவே பல்லுள்ள மூன்றாவது தடம் தெரிந்தால் அந்த இடம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில். குன்னூரிலிருந்து உதகை வரை அந்தப் பல்தடம் கிடையாது. வண்டி எண் டிஎன் 43 என்றால் நீலகிரிப் பதிவு, ஆனால் மலைவண்டி எங்கும் போகும், அதை மட்டும் நம்ப வேண்டாம். கடைப் பலகையில் 0423 என்றால் உதகை, குன்னூர் பக்கம், 04266 கோத்தகிரி, 04262 கூடலூர். கொண்டை ஊசி வளைவுகளில் எண் பலகை இருக்கும்.

மழையும் சாட்சி சொல்லும். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவம்தான் ஆபத்து, 2009 நவம்பரின் பெரும் நிலச்சரிவுகள் அப்போதுதான் நடந்தன. ஜூலையில் ‘கோத்தகிரியில் மலை சரிந்தது’ என்று வந்தால் பொய் என்று முடிவுசெய்யாதீர்கள், சந்தேகத்தை மட்டும் ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தைப் பார்க்கலாம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். மழைநாளில் மேகத்தைத் தவிர அதில் ஒன்றும் தெரியாது. அந்த ஊரில் உள்ள ஓய்வுபெற்ற ஹவில்தாருக்கு ஒரு போன் போடுவது விரைவானது.

நான்காவது, கண்டதை அப்படியே பாதுகாத்தல். ஸ்கிரீன்ஷாட், இணைப்பு, நேரம், அசல் கோப்பு, அதன் ஹாஷ் மதிப்பு (கோப்பு பிறகு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) ஆகியவற்றைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். வழக்கு என்று வந்தால் 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள். பதிவு அழிந்த பிறகு இதைச் செய்ய முடியாது.

8. மறுப்பு எழுதுதல்

ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே அது உண்மைபோலத் தோன்றும் என்பதை உளவியலாளர்கள் 1977-லேயே சோதித்துக் காட்டினார்கள். எனவே தலைப்பில் பொய்யைப் போடக்கூடாது. ‘குன்னூரில் பாலம் இடிந்ததா?’ என்று எழுதிவிட்டுக் கீழே ‘இல்லை’ என்றால், தலைப்பை மட்டும் படிப்பவர் மனதில் இடிந்த பாலமே நிற்கும்.

உண்மையை முதலில் வையுங்கள். பிறகு, தவறான தகவல் உலவுகிறது என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். எப்படி ஏமாற்றினார்கள் என்பதை விளக்குங்கள். மீண்டும் உண்மையோடு முடியுங்கள்.

“குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலை இன்று மதியம் 12 மணி நிலவரப்படி திறந்திருக்கிறது. பாலம் இடிவதாகப் பரவும் வீடியோ இங்கே எடுத்ததல்ல, 2024-இல் வயநாட்டில் எடுத்தது. பழைய வீடியோவின் ஒலியை நீக்கி, புதுக்குரல் சேர்த்திருக்கிறார்கள். சாலை திறந்திருக்கிறது, மழை கூடினால் காவல்துறை அறிவிக்கும்.”

புதியவர்கள் பெரும்பாலும் மூன்றாவது பகுதியை விட்டுவிட்டு ‘இது போலி’ என்று முத்திரையோடு நிறுத்துகிறார்கள். காரணம் சொல்லாத மறுப்பை ‘மறைக்கிறார்கள்’ என்றே ஊர் எடுத்துக்கொள்ளும். போலிப் படத்தைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் படத்துக்குக் குறுக்கே கோடிட்டு, சிறிதாக்கிப் போடுங்கள்.

பொய் எந்த வழியில் வந்ததோ அதே வழியில் மறுப்பும் போக வேண்டும். குரல் பதிவாக வந்ததை நாலு பக்க பிடிஎஃப் வெல்லாது. முப்பது நொடிக் குரல் பதிவு, தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று, இந்தியில் ஒன்று. பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. அது நம் மறுப்புக்கும் பொருந்தும். எனவே ஒரே மறுப்பைச் சங்கிலியாக ஓடவிடாமல், ஒவ்வொரு வட்டத்திலும் ஒருவர் புதிதாகப் பதிவேற்றும்படி ஆட்களை நியமியுங்கள்.

9. கேமராவுக்கு முன்

இதற்கு அரை நாள் போதும். ஒரு கேள்விக்கு இருபது நொடியில் பதில், தெரியாததற்கு ‘உறுதிசெய்து 4 மணிக்குச் சொல்கிறேன்’ என்ற பதில், எரிச்சலூட்டும் கேள்விக்கும் அதே குரல். கேள்வியில் உள்ள தவறான சொல்லைத் திருப்பிச் சொல்லி மறுக்கக்கூடாது. பின்னணியில் வரைபடமோ வண்டி எண்ணோ தெரிகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். காற்று அடிக்கும் மேட்டில் மைக்குக்குப் பஞ்சுறை மாட்டாவிட்டால் ஒரு சொல்லும் கேட்காது.

10. ஐந்தாம் நாள் முழுப் பயிற்சி

கற்பனைக் காட்சி: நவம்பர், இரவு முழுக்க மழை, கோத்தகிரிச் சாலையில் மண்சரிவு, ஒரு மீட்புக் குழு புறப்படுகிறது. காலை 5 மணிக்குத் தொடங்கி மதியம் வரை ஓட்டுங்கள். சாண்ட் மாடல் (மணலில் அமைத்த நிலப்பரப்பு மாதிரி) வைத்துத் தொடங்கினால் எல்லாருக்கும் இடம் மனதில் பதியும்.

முதல் அரை மணி நேரம் பொய் எதையும் கொடுக்காதீர்கள். அறிக்கை வருகிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகு வயநாட்டு வீடியோ, அணைக் குரல் பதிவு, லெட்டர்ஹெட் போட்ட போலிக் கடிதம், அதோடு ஒரு மெய்யான புகார்: ‘எங்கள் ஊருக்கு இன்னும் யாரும் வரவில்லை.’ இந்தப் புகாரையும் வதந்தி என்று தள்ளும் மேசை எப்போதும் ஒன்று இருக்கும். அங்கே பயிற்சியை நிறுத்தி விளக்குங்கள். அது களத்துக்குப் போக வேண்டிய செய்தி, லாரியைத் திருப்பிவிட வேண்டிய செய்தி.

நடுவில் ஒப்புதல் தரும் அதிகாரியை வேண்டுமென்றே ‘தொடர்பில் இல்லை’ ஆக்குங்கள். முதல் நாள் கையெழுத்தான காகிதத்தில் இரண்டாவது பெயர் இருக்கிறதா என்பது அப்போது தெரியும்.

மதிப்பீட்டில் எத்தனை மறுப்பு எழுதினார்கள் என்று எண்ண வேண்டாம். முதல் அறிக்கை எத்தனை நிமிடத்தில் வந்தது, சொன்ன நேரத்தில் அடுத்தது வந்ததா, அடுத்த துறையின் தகவலைத் தொட்டார்களா, எத்தனை மொழியில் போனது, பதிவேடு நிரம்பியதா என்று பாருங்கள்.

11. பயிற்சிக்குப் பின்

பதிவேட்டில் உள்ள பொய்களை வகை பிரித்தால் அடுத்த மழைக்கு என்னென்ன வரும் என்று ஓரளவு தெரிந்துவிடும். மே கடைசியில் கூடலூர்ப் பக்கமும் செப்டம்பர் கடைசியில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் போய், ‘பழைய வீடியோவுக்குப் புதுக்குரல் போட்டு வரும், இப்படித்தான் இருக்கும்’ என்று முன்கூட்டியே காட்டிவிடுங்கள். ஏமாற்றும் முறையை முன்பே பார்த்தவர் எளிதில் ஏமாறுவதில்லை.

அதே பயணத்தில் தொடர்பு எண்களையும் ஒவ்வொன்றாக அழைத்துப் பாருங்கள். ஆட்சியர் அலுவலகம், மின்வாரியம், காவல்துறை, வானொலி, ஒவ்வொரு ஹட்டியிலும் எஸ்டேட்டிலும் நம் ஆள். மாறிய எண்ணைத் திருத்தி, தேதி போட்டு, புதுப் பிரதியைப் பணிமேசைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பழையதைக் கிழித்துப் போடுங்கள்.